வீரத்தாயும் அழட்டும்

நம் பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் ஆண்டு தவறாமல் மேடையேறுகிற ஒரு தாய் உண்டு. அவளுக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம். புறநானூற்றுத் தாயைத்தான் சொல்லுகிறேன். மேனாள் நடந்த போரில் உடன்பிறந்தானை இழந்தாள் (தந்தையை என்று பொருள் கொள்வாரும் உண்டு). நேற்று கணவனை இழந்தாள். இன்று மீண்டும் போர்ப்பறை கேட்டதும், வீட்டில் எஞ்சியிருந்த ஒரே பிள்ளையை அழைத்து, குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளை ஆடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். "அந்த வீரத்தாய் பிறந்த மண் இது!" என்று பேச்சாளர் குரலை உயர்த்தியதும் அரங்கம் அதிரக் கைதட்டல் எழும். நடுவர் இருக்கையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்லுகிறேன்: அந்த இடத்தில் கை தட்டாத அவையை நான் கண்டதில்லை.

அந்தத் தாயைக் கொஞ்ச காலத்துக்கு மேடையிலிருந்து இறக்கி, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் அழட்டும். அழ விடாமல் நாம்தான் அவளைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

இது தமிழ் மரபுக்கு மாறான பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. அந்தப் பாட்டைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர். பாட்டை முழுதும் படித்துப் பார்த்தவர் அறிவர்: புலவர் கைதட்டித் தொடங்கவில்லை, பதறித் தொடங்குகிறார். அத்தாயின் துணிவு கொடியது என்று நெஞ்சு நடுங்கிய பிறகே மேற்கொண்டு பாடுகிறார். அந்த நடுக்கத்தை விட்டுவிட்டு வேலையும் வெள்ளை ஆடையையும் மட்டும் நாம் மேடைக்குக் கொண்டு வந்துவிட்டோம். போரைப் பாடிய நம் முன்னோர் அழுகையைத் தள்ளி வைத்தவரும் அல்லர். தொல்காப்பியத்தின் காஞ்சித் திணையில், கணவனை இழந்து தனித்து நிற்பவளின் புலம்பலுக்கு முதுபாலை என்றும், கைம்மை நோன்பின் துயருக்குத் தாபத நிலை என்றும், ஆதரவற்றுப் புலம்பும் நிலைக்குக் கையறுநிலை என்றும் துறைகள் உண்டு. இலக்கணம் இடம் கொடுத்த அழுகைக்கு நம் பேச்சு மேடை இடம் கொடுக்கவில்லை.

மேடையோடு போனால் கவலையில்லை. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வந்து சேரும் நாளில் என்ன நடக்கிறதென்று தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மகனைப் பறிகொடுத்து அரை நாள் ஆகாத தாயின் முகத்தருகே ஒலிவாங்கியை நீட்டி, "இன்னொரு மகன் இருந்தால் அவனையும் அனுப்புவீர்களா, அம்மா?" என்று கேட்கிறார்கள். "அனுப்புவேன்" என்று அவள் சொல்லிவிட்டால் மறுநாள் அது தலைப்புச் செய்தி. "மாட்டேன்" என்று சொல்ல அவளுக்கு வழியுண்டா? கேள்வியிலேயே பதிலை வைத்துக் கட்டி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கேள்வியை நான் மரியாதை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உடல் வீட்டுக்கு வருவதே அண்மைக்கால வழக்கம் என்பதை இளம் மாணவிகள் அறிந்திருக்க மாட்டார்கள். 1962, 1965, 1971 ஆண்டுகளின் போர்களில் மாண்டவர்களுக்குப் பெரும்பாலும் களத்தின் அருகிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. வீட்டுக்கு வந்தது தந்தி. (அந்தத் தந்திச் சேவையும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.) 1999 கார்கில் போரில்தான் வீரர்களின் உடல்களை அவரவர் ஊருக்கே அனுப்பும் முறை பரவலாயிற்று. அப்போதும் எல்லோருக்கும் அது உடனே வாய்க்கவில்லை. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே 29 அன்று படாலிக் மலைப்பகுதியில் வீழ்ந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்று வீர சக்கர விருதின் வாசகம் சொல்லாது. அது சொல்ல வேண்டிய இடமும் அதுவல்ல. நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய இடம்.

நான் அறிந்த ஒரு மூதாட்டி, 1971-இல் அந்தத் தந்தியைக் கையில் வாங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தந்தியைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தெருவுக்கு ஓடியதையும், படித்தவர் வாய் திறக்காமல் நின்றதையும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். பிறகு சொன்னார்: "அழாதே, அழாதே, நீ பட்டாளத்தான் பொஞ்சாதின்னு வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க டீச்சர். எப்ப அழலாம்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல."

இதற்குமேல் அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாண்ட வீரனை மதிப்பதில் நம் முன்னோர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்போம். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது தமிழ் வழக்கம். கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்லுகிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாகவே வெளியிட்டது. எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எவன் மகன், எந்தப் பூசலில் பட்டான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்த கோவிவன் என்ற நாய்க்கும் அதே கல்லில் உருவமும் பெயரும் உண்டு. நன்றி மறவாத மனிதர்கள். ஆனால் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. நாயின் பெயரை நினைவு வைத்தவர்கள்தாம்!

இப்படிக் குறை சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டால் அது நியாயமாகாது. கல்லோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஊருக்காக உயிர் விட்டவனின் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்குக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்பட்டி என்றும் வழங்கியது. நெய்த்தோர் என்றால் இரத்தம். இரத்தம் சிந்தியதற்கு ஈடாக உழுது பயிரிடும் மண். அந்தச் சொல்லை முதன்முதல் படித்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது. கல் மாண்டவனுக்கு; மண் இருப்பவர்களுக்கு. இரண்டும் சேர்ந்ததே மரியாதை என்று அந்த ஊரார் எண்ணியிருக்கிறார்கள். பெயரைக் கல்லில் எழுதாவிட்டாலும், அவள் அடுப்பு எரிய வேண்டும் என்பதை மறக்கவில்லை.

வெள்ளையர் ஆட்சியில் இந்தக் கணக்கு மாறிற்று. முதல் உலகப் போருக்குப் பிறகு நம் நாட்டின் ஊர்கள் பலவற்றில் ஒரு சிறு கல்லைப் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அதில் இருக்கும். பெயர் இருக்காது. வெறும் எண்ணிக்கை. நடுகல்லில் நாய்க்குக் கிடைத்தது, இங்கே மனிதனுக்குக் கிடைக்கவில்லை. அதே போரில், இன்றைய ஈராக் ஆகிய மெசபடோமியாவில் மாண்டவர்களுக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் இந்தியப் படையினரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் தொகையாக நின்றார்கள். வட இந்தியர்தானே என்று எண்ண வேண்டா. "தம்பி" என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்களும் அந்தக் களத்தில் இருந்தவர்கள்தாம். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் இந்த வேற்றுமைக்காக 2021 ஏப்ரலில்தான் மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்து! அந்தத் தாய்மார்களில் ஒருத்தியும் அதைக் கேட்க உயிரோடில்லை.

தில்லி இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் அது நினைவுகூரும் வீரர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். விடுதலை பெற்ற இந்தியா தன் வீரர்களுக்கென்று தனியே எழுப்பிய தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. திறப்பு நாளில் அங்கே வெட்டப்பட்டிருந்த பெயர்கள் 25,942. விடுதலைக்குப் பின் எழுபத்தோரு ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த பெயர்கள். சுற்றுலா செல்லும் மாணவிகள் குதுப்மினாருக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது அங்கே கொடுக்கலாம்.

சென்னைக்குச் செல்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்லுவேன். நந்தம்பாக்கத்தில் பூவிருந்தவல்லி சாலையோரம் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றிருக்கிறது. 1952-இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கிறார்கள். கல் ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே அளவு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடில்லை. ஆனால் பல கற்களின் அடியில் ஒரு வரியோ இரண்டு வரியோ தனியாக இருக்கும். அது அரசாங்கத்தின் வாசகம் அன்று, வீட்டாருடையது. தாயோ மனைவியோ தாங்கள் சொல்ல விரும்புவதைக் கல்லின் அடியில் பொறித்துக்கொள்ள முதல் உலகப் போருக்குப் பிறகே இடம் விட்டிருந்தார்கள். அப்போது 66 எழுத்துக்குமேல் போகக் கூடாது என்பது விதி. தொடக்கத்தில் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கட்டணமும் கேட்டார்கள். அது அற்பத்தனம்தான். இருந்தாலும் அந்த 66 எழுத்து இடத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன். போரைப் பற்றிய கற்களில் வீட்டிலிருப்பவளின் குரல் ஏறிய இடம் அது ஒன்றே. அங்கே வீரமுழக்கம் குறைவு. பிரிவைத் தாங்க மாட்டாத ஓர் உள்ளம் தாழ்ந்த குரலில் பேசுவது போலவே பெரும்பாலும் இருக்கும்.

இறந்துவிட்டான் என்ற செய்தியாவது வந்தவர்கள் ஒருவகை. அதுவும் வராதவர்களை என்னவென்று சொல்வது? 1971 போரில் காணாமற்போய், பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம் அரசு கருதியவர்கள் 54 பேர். தங்களிடம் அப்படி யாரும் இல்லை என்பது பாகிஸ்தானின் பதில். அவர்களில் ஒருவர் விமானப் படை வீரர் விஜய் தாம்பே. அவர் மனைவி தமயந்தி தாம்பே, இறகுப்பந்தில் தேசிய வாகை சூடி, 1970-இல் அர்ஜுனா விருது பெற்றவர். மறு ஆண்டு டிசம்பரில் கணவர் ஓட்டிச் சென்ற விமானம் திரும்பவில்லை. குடும்பத்தார் ஒன்றிரண்டு ஆண்டல்ல, பல பத்தாண்டுகள் அமைச்சகத்தின் படிகளில் ஏறி இறங்கினார்கள். 2007-இல் உறவினர் குழு ஒன்று பாகிஸ்தான் சென்று சிறைகளில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பிற்று. நம் வழக்கப்படி அவர்கள் வீட்டு மங்கல காரியங்களில் அந்தப் பெண்கள் எந்தப் பக்கம் நிற்பது? குங்குமம் கொடுக்கலாமா, கூடாதா என்று தட்டோடு தயங்கும் கைகளை அவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! எல்லையில் நடந்த போர் பதினான்கு நாளில் முடிந்தது. தட்டோடு தயங்கும் அந்தக் கைகள் நம்முடையவை, பாகிஸ்தானுடையவை அல்ல.

கைம்பெண்ணைப் பற்றி வரும்போது இன்னும் ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். வீர விருது பெற்று மாண்டவரின் மனைவிக்கு அரசு மாதந்தோறும் ஒரு படித்தொகை தருகிறது. அவள் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். கணவனின் உடன்பிறந்தவனை மணந்தால் மட்டும் தொடரும். இப்படி ஒரு விதி இருந்தது. பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அதை நீக்கி, அவள் யாரை மணந்தாலும் ஆயுள் முழுவதும் தொகை உண்டு என்று ஆணையிட்டது. விதி எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். பணம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். பணத்தோடு அவளும் அதற்குள்ளேயே இருக்கட்டும் என்று சேர்த்து நினைத்துவிட்டார்கள். மாண்ட வீரனின் மனைவி அவன் புகழுக்குக் காவலிருக்கும் பொருள் என்ற எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா. உதிரப்பட்டி கொடுத்த ஊரின் வழி வந்தவர்கள் நாம்!

இதையெல்லாம் எதிர்த்து உழைத்தவர்களும் உண்டு. 1971 போருக்குப் பிறகு ஆதரவற்று நின்ற பெண்களுக்காக 1972-இல் தில்லியில் போர் விதவையர் சங்கத்தைத் தொடங்கியவர் மோகினி கிரி. குடியரசுத் தலைவர் வி. வி. கிரியின் மருமகள். 2023 டிசம்பரில் மறைந்தார். மாளிகையில் வசதியாக இருந்திருக்கலாம்; வீதிக்கு வந்தார். மாணவிகள் தலைவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும்போது இந்தப் பெயருக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

இன்னொரு பெயர் சுவாதி மகாதிக். கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் காஷ்மீரத்தில் வீழ்ந்தார். இரு குழந்தைகளின் தாயான இவர், வயது வரம்பில் விலக்குப் பெற்று, நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள பயிற்சிக் கழகத்தில் பயின்று 2017 செப்டம்பரில் இராணுவ அதிகாரியானார். எழுந்து நின்று வணங்கத் தக்க பெண்மணி. நம் மாணவிகளில் யாரேனும் அந்த வழியே செல்வதாயிருந்தால் முதல் வாழ்த்து என்னுடையது. தேசியப் பாதுகாப்புக் கழகமும் 2022 முதல் பெண்களைச் சேர்த்துக்கொள்கிறது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். (அப்படி மகள் எல்லையிலும் அப்பா அடுப்படியிலும் இருக்கும் வீட்டில், "நீங்கள் வீரத்தந்தை, அழக்கூடாது" என்று யாராவது வந்து சொல்லுவார்களா என்று எனக்கு ஓர் ஆவல்.) ஆனால் சுவாதி மகாதிக்கை அளவுகோலாக்கி, சீருடை அணியாத மற்றப் பெண்களை அதில் நிறுத்தி அளக்க வேண்டா. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவளும், ஆறு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்து பிறகு எழுந்து வந்தவளும், இன்னும் எழுந்து வராதவளும் நம் மரியாதைக்கு உரியவர்களே.

ஒரு கசப்பான பக்கத்தையும் திருப்பித்தான் ஆகவேண்டும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் மாண்டார்கள். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் வீழ்ந்த மேஜர் இராமசாமி பரமேசுவரனுக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. அவரும் தமிழர். அந்தப் படை சென்றதும் அங்கே நடந்துகொண்டதும் சரியா என்பதில் தமிழ்நாட்டில் ஆறாத மனப்புண் உண்டு. அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சிந்திய கண்ணீரை யாரும் மறுக்க முடியாது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அது அரசியல், அதன் நியாயத்தைப் பெரியவர்கள் விவாதிக்கட்டும். எனக்குள்ள கேள்வி சிறியது. படையை அனுப்பியவன் சிப்பாய் அல்லன். போகச் சொன்ன இடத்துக்குப் போனவன். அவன் மனைவி, கணவன் இறந்த போர் பலருக்குப் பிடிக்காத போர் என்பதால், அக்கம்பக்கத்தில் வாய்விட்டு அழக்கூடத் தயங்கினாளென்றால் அந்தத் துயரத்துக்குப் பெயர் என்ன? வென்ற போரின் விதவைக்கு ஒரு மரியாதையும், வெட்கப்பட்ட போரின் விதவைக்கு ஒரு மரியாதையுமாக வைத்துக்கொண்டால், நாம் மதிப்பது வெற்றியை மட்டுமே. யாழ்ப்பாணத்துத் தாய்க்காகவும் பட்டாளத்தான் மனைவிக்காகவும் ஒரே நெஞ்சு அழ முடியும். முடியாதென்று சொல்கிறவர்கள் அழுது பார்த்ததில்லை.

சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உயிரோடிருக்கிறவன் குடும்பமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர். அப்படிப்பட்ட ஊர்களில் வீட்டு நிர்வாகம் முழுவதும் பெண்கள் கையில். மாமனாருக்கு மாரடைப்பு வந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்பவள் அவள். மகளுக்கு வரன் பார்ப்பவள் அவள். ஒழுகும் கூரைக்குக் கொத்தனாரைத் தேடுபவள் அவள். சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள். குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஏழு மாதம் கழித்து வருகிறவனைக் கண்டு அந்தக் குழந்தை வீறிட்டு அழுகிறது; பழகித் தோளில் ஏறும்போது விடுப்பு முடிந்துவிடுகிறது. முல்லைத் திணை என்று நாம் பாடம் நடத்துகிறோமே, பாசறையில் தலைவன், இல்லத்தில் காத்திருக்கும் தலைவி, அது ஏட்டோடு முடிந்துவிடவில்லை. கைப்பேசி வந்த பிறகு காத்திருத்தல் எளிதாயிற்று என்பார்கள். இணைப்புக் கிடைக்காத பனிமலையில் அவன் இருக்கும் இரவில், தொலைக்காட்சியில் துப்பாக்கிச் சூட்டுச் செய்தி ஓடும்போது, அந்தக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைக் கேட்டால் தெரியும். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 வீரர்கள் மாண்ட செய்தி வந்தபோது, பெயர்ப் பட்டியல் வெளியாகும் வரை எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்திருக்கும்! பட்டியலில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனியின் பெயர் இருந்தது.

நம் வகுப்பறைகளிலும் விடுதியிலும் படைவீரர்களின் பெண்கள் படிக்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாறி, பதான்கோட்டிலும் ஜோத்பூரிலும் இந்தியில் படித்துவிட்டு வந்து, இங்கே ஒன்பதாம் வகுப்பில் ழகரத்தோடு போராடும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெற்றோர் தினத்தன்று அவள் அம்மா மட்டும் வந்திருந்தால் "அப்பா வரலையா?" என்று கேட்காதீர்கள். தேர்வு நேரத்தில் எல்லையில் சண்டை என்று செய்தி வந்தால் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது. ஆசிரியைகளாகிய நாங்களும் அதை நினைவில் வைக்க வேண்டும். அவள் அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். "நீ வீரனின் மகளாயிற்றே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் அப்பாவின் மகள். அது போதும்.

2024-இல் மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய "அமரன்" படம் வந்தபோது அரங்கம் அரங்கமாக மக்கள் அழுதார்கள். நல்லதே. 2014 ஏப்ரலில் அவர் மாண்டு, அடுத்த குடியரசு நாளில் அவர் மனைவி அசோக சக்கரத்தைப் பெற்றுக்கொண்டபோது, கண்ணீர் தெரியாமல் நிமிர்ந்து நின்ற அவர் முகத்தை நாடு பார்த்தது, பாராட்டிற்று. அந்த நிமிர்வு அவருடைய விருப்பம். அதை மற்றவர்களுக்குச் சட்டமாக்கும் உரிமை நமக்கில்லை.

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நாடு முழுவதும் கொண்டாடப்படுகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைகளின் நிறம் கொண்ட சிறு கொடியை மார்பில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுகிறோம். அந்த நிதி போரில் பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வுக்கும், முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்கும் போகிறது. ஆகவே தாராளமாகப் போடுங்கள், பெற்றோரும் போடட்டும். அத்தோடு இவ்வாண்டு ஒரு சிறு வேலையும் தருகிறேன். உங்கள் ஊரில் நடுகல்லோ, 1914 போரின் எண்ணிக்கைக் கல்லோ, அண்மையில் மாண்ட வீரரின் சிலையோ இருந்தால் அதில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதி வாருங்கள். பிறகு அந்த வீரரின் வீட்டுக்கோ, படையிலிருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்கோ அம்மாவோடு சென்று, அங்குள்ள பெண்களிடம் பேச விருப்பமா என்று முதலில் கேளுங்கள். விருப்பமென்றால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள், உங்கள் அடைமொழிகளைச் சேர்க்காதீர்கள். விருப்பமில்லை என்றால் வணக்கம் சொல்லித் திரும்பி வாருங்கள். பெயர் போட அவர்கள் சம்மதித்தால் பெயரோடும், இல்லாவிட்டால் ஊர்ப்பெயரோடு மட்டும் வெளியிடலாம். 66 எழுத்து என்ற கட்டுப்பாடெல்லாம் இங்கே இல்லை. அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை இதற்கென்று ஒதுக்க மலர்க்குழு இசைந்திருக்கிறது. எழுதிய தாள்களைப் பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.